இரத்தக் காட்டேரிக்குப் பல் முளைத்த கதை

ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, ஓர் இரத்தக் காட்டேரியின் முகத்தை வரையுங்கள் என்றால் நீங்கள் எப்படி வரைவீர்கள்? வெளிறிய முகம், சிவந்த உதடுகள், அவற்றின் இரு ஓரங்களிலும் கீழ்நோக்கி நீண்ட இரண்டு கோரைப்பற்கள். அதனிடம் அகப்பட்டவரையும் வரையச் சொன்னால், கழுத்தில் சிறிது இடைவெளி விட்டு இரண்டு சிவப்புப் புள்ளிகளை வைப்பீர்கள். திரைப்படங்களிலும் சித்திரக் கதைகளிலும் நாம் கண்டது இதுதான். கிழக்கு ஐரோப்பியக் கிராம மக்கள் பன்னெடுங்காலமாக நம்பிவந்த உருவமும் இதுவே என்று பலர் எண்ணுகின்றனர்.

அது அப்படியன்று. கிராம மக்கள் அஞ்சிய காட்டேரியின் முகம் வெளிறியதன்று; அது செக்கச் செவேலென்று இருந்தது. செர்பிய மொழியில் இன்றும் முகம் சிவந்தவனைக் 'காட்டேரியைப் போல் சிவந்தவன்' என்பர். கழுத்தில் இரண்டு துளையிடும் அந்தப் பற்களும் அதற்குக் கிடையா. பற்கள் முளைத்தது இலண்டன் அச்சுக்கூடங்களில். அவற்றுள் முதலாவது 1819இல் முளைத்தது.

இதை எவ்வாறு அறிவோம்? நல்லவேளையாக, காட்டேரி நடமாடுவதாகச் சொல்லப்பட்ட ஒரு கிராமத்திற்கு அரசாங்கம் மருத்துவர்களை அனுப்பியது. அவர்கள் கண்டதை எழுதியும் வைத்தனர்.

1718ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒன்றின்படி, வட செர்பியா துருக்கியரிடமிருந்து ஆஸ்திரியரின் ஆட்சிக்கு மாறியது. புதிய எல்லைப்புறத்தில் ஆஸ்திரிய அலுவலர்களும் படை மருத்துவர்களும் பணியாற்றினர். கொள்ளைநோய் எல்லை தாண்டி வந்துவிடுமோ என்று அரசாங்கத்திற்கு எப்போதும் ஓர் அச்சம் இருந்தது. எனவே ஒரு கிராமத்தில் சாவுகள் மிகுந்தால் அதைப்பற்றி அறிக்கை எழுதவேண்டும். மொரவா ஆற்றுப் பகுதியிலிருந்த மெட்வெஜா என்னும் சிற்றூரில் மூன்று மாதங்களில் பதினேழு பேர் இறந்தனர். முதலில் கிளாசர் என்ற தொற்றுநோய் மருத்துவர் வந்து பார்த்தார். அடுத்து, யோகான் ஃப்ளூக்கிங்கர் என்ற படை அறுவை மருத்துவர் இரண்டு உதவி மருத்துவர்களோடும் இரண்டு அதிகாரிகளோடும் வந்தார். 1732 ஜனவரி 26ஆம் நாளிட்டு அவர்கள் கையொப்பமிட்ட அறிக்கைக்கு 'விசும் எட் ரெப்பர்ட்டும்' என்று பெயர். கண்டதும் கண்டறிந்ததும் என்பது அதன் பொருள்.

ஊரார் சொன்ன கதை இதுதான். சுமார் ஐந்து ஆண்டுகளுக்கு முன் அர்னோட் பாவ்லே என்ற எல்லைக் காவல் வீரன், வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து இறந்தான். முன்பு துருக்கிய செர்பியாவில் தன்னை ஒரு காட்டேரி துன்புறுத்தியதாகவும், அதன் கல்லறை மண்ணைத் தின்று, அதன் இரத்தத்தைப் பூசிக்கொண்டு விடுபட்டதாகவும் அவன் சொல்லியிருந்தானாம். அவன் இறந்து சில வாரங்களில், அவன் வந்து தொல்லை தருவதாக ஊரார் முறையிட்டனர். நான்கு பேர் மாண்டனர். நாற்பதாம் நாள் தோண்டிப் பார்த்தபோது உடல் அழுகாதிருந்தது. கண், மூக்கு, வாய், காது எல்லாவற்றிலிருந்தும் புதிய இரத்தம் வடிந்திருந்தது. நெஞ்சில் கழுவை அறைந்து எரித்துவிட்டனர். ஆனால் அவன் கால்நடைகளின் இரத்தத்தையும் உறிஞ்சியிருந்தான் என்றும், அந்த இறைச்சியை உண்டவர்களே இப்போது காட்டேரிகளாகிவிட்டனர் என்றும் ஊரார் கூறினர்.

இரத்தத்தை உறிஞ்சுதல் என்ற சொல் அறிக்கையில் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் எப்படி உறிஞ்சியது, எங்கே கடித்தது, எத்தகைய பல்லால் கடித்தது என்று ஒரு வரிகூட இல்லை. ஸ்டானாக்கா என்ற இருபது வயதுப் பெண்ணைப்பற்றிய பகுதியைப் பாருங்கள். அவள் நலமாகப் படுத்து உறங்கினாள். நள்ளிரவில் அலறிக்கொண்டு எழுந்தாள். ஒன்பது வாரங்களுக்கு முன் இறந்துபோன மில்லோயே என்ற இளைஞன் வந்து தன் குரல்வளையை நெரித்தான் என்றாள். நெஞ்சில் கடும் வலி கண்டு மூன்றாம் நாள் இறந்தாள். அவளுடைய உடலைச் சோதித்த ஃப்ளூக்கிங்கர், வலது காதின் கீழ் ஒரு விரல் நீளத்திற்கு இரத்தம் கட்டிய நீலத் தடம் இருந்ததாக எழுதியுள்ளார். கத்தியும் கையுமாக நின்ற அறுவை மருத்துவர் அவர். பல்லால் துளைத்த புண் இருந்திருந்தால் கண்ணில் படாமலா போயிருக்கும்? அவர் கண்டது நெரித்த தடம்; பற்குறி அன்று.

1725இல் கிசில்யேவோ என்ற மற்றொரு செர்பியக் கிராமத்திலும் இதுவே நடந்தது. எட்டு நாட்களில் ஒன்பது பேர் இறந்தனர். பீட்டர் பிளகோயோவிச் என்னும் இறந்த மனிதன் இரவில் வந்து தங்கள்மீது படுத்து நெரித்ததாக அவர்கள் சாகும் தறுவாயில் கூறினர். அவனுடைய மனைவியிடமோ அவன் வந்து தன் காலணிகளைக் கேட்டானாம்!

நள்ளிரவில் விழிப்பு, நெஞ்சின்மேல் பாரம், கத்த நினைத்தும் குரல் எழாமை, அறைக்குள் யாரோ நிற்பது போன்ற உணர்வு. 'அமுக்குப் பேய் பிடித்தது' என்று நம்மூரிலும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கனவு காணும் உறக்கத்தில் நம் கை கால் தசைகளை மூளை செயலற்றவையாக்கி வைக்கிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுபவன் கட்டிலிலிருந்து விழுவான். எப்போதாவது தசைகள் விடுபடுமுன் மனம் விழித்துக்கொண்டால், அந்த ஓரிரு நிமிடங்கள் இத்தகைய திகிலைத் தருகின்றன. ஊரில் ஒருவன் அண்மையில் இறந்து, அவன் பெயர் எல்லார் வாயிலும் அடிபடும்போது, நெஞ்சில் ஏறி அமர்ந்தவன் யார் என்று சொல்வதில் தயக்கம் இராது.

கல்லறையைத் திறந்து கண்டவை பொய்யா? அல்ல. ஃப்ளூக்கிங்கர் உள்ளதைத்தான் எழுதினார். இறந்த உடலில் நுண்ணுயிர்கள் வேலை செய்யத் தொடங்கியதும் வயிற்றில் வாயுக்கள் பெருகி உடல் உப்புகிறது. அந்த அழுத்தம் நுரையீரலிலுள்ள இரத்தங்கலந்த நீரை வாய்வழியாகவும் மூக்குவழியாகவும் வெளித்தள்ளுகிறது. உறைந்த இரத்தம் பல வேளைகளில் மீண்டும் நீர்மமாகிவிடும். மேல்தோல் உரிந்து அடியில் சிவந்த தோல் தெரியும். தோல் சுருங்குவதால் தாடியும் நகங்களும் வளர்ந்தவைபோல் தோன்றும். குளிர்ந்த மண்ணில் இவையெல்லாம் மெதுவாக நடக்கும். மெட்வெஜாவில் மிலிட்சா என்ற அறுபது வயது மூதாட்டியின் உடலைக் கண்ட காவல் வீரர்கள் திகைத்தனர். வாழ்நாளெல்லாம் வற்றி மெலிந்திருந்தவள் கல்லறையில் சதை வைத்திருந்தாள்! அவள் உண்டு கொழுத்தது வேறு எதனால் இருக்கமுடியும் என்பது அவர்கள் கேள்வி. ஆக, இரத்தம் குடித்தது என்ற நம்பிக்கை கடித்த காயத்திலிருந்து பிறக்கவில்லை. உப்பிய வயிற்றையும் வாயோரத்து இரத்தத்தையும் கண்டு பிறந்தது. உணவு உட்கொண்டதற்குச் சான்று கிடைத்தபின், உட்கொண்ட முறையைப்பற்றி யாரும் கவலைப்படவில்லை.

இறந்தவன் திரும்பி வருவான் என்ற நம்பிக்கை இருந்த மற்ற இடங்களில் அவனுடைய உணவே வேறு. 1700ஆம் ஆண்டின் இறுதியில் டூர்ன்ஃபோர் என்ற புகழ்பெற்ற பிரெஞ்சுத் தாவரவியலறிஞர், செடிகளைத் தேடிக் கிரேக்கத் தீவான மிக்கோனோசுக்குச் சென்றார். அங்கே கொலையுண்ட ஒரு குடியானவன் பேயாய் அலைவதாக ஊர் முழுவதும் கலங்கிக் கிடந்தது. அந்தப் பேய் கதவுகளை உடைத்தது, ஆட்களை அடித்தது, ஜாடிகளிலும் புட்டிகளிலும் இருந்ததைக் குடித்துத் தீர்த்தது. இரத்தம்? ஒரு துளியும் இல்லை! உடலைத் தோண்டி, கசாப்புக்காரனைக் கொண்டு இதயத்தை எடுத்தும் பயனின்றி, 1701 ஜனவரி முதல் நாளில் அதை எரித்தனர். முழுவதையும் நேரில் கண்ட டூர்ன்ஃபோர், இது ஊரையே பற்றிய மூளைக்கோளாறு என்று முடிவு கட்டினார்.

ஜெர்மனியின் சில பகுதிகளில் மட்டும் பற்களுக்கு வேலை இருந்தது. ஆனால் அந்தப் பற்கள் கல்லறையை விட்டு வெளியே வரவேயில்லை. இறந்தவன் சவப்பெட்டிக்குள் கிடந்தபடியே தன் பிணத்துணியை மெல்லுவான். அவன் மெல்ல மெல்ல வெளியே உறவினர் ஒவ்வொருவராகச் சாவர் என்பது நம்பிக்கை. கல்லறையில் மெல்லும் பிணங்கள் என்ற பொருள்பற்றி லைப்சிக் நகரில் 1679இல் ரோர் என்பவரும், பின்னர் மிக்கேல் ரான்ஃப்ட் என்பவரும் இலத்தீனில் நூல்களே எழுதினர். வாயிலிருந்து கசியும் நீரில் ஊறிய துணி அழுகி வாய்க்குள் அமிழ்வதே இதற்கு அடிப்படையாக இருந்திருக்கவேண்டும்.

சரி, கழுத்தில் கடிக்கும் காட்டேரி எங்கிருந்து வந்தது? மெட்வெஜா அறிக்கையின் செய்தி 1732 மார்ச்சிலேயே இலண்டன் செய்தித்தாள்களுக்கு எட்டியது. 'வாம்பயர்' என்ற சொல்லும் உடன் வந்தது. எனினும் அந்த உருவத்திற்குப் பல் வைத்தவர் ஒரு மருத்துவர். ஜான் பொலிடோரி பத்தொன்பது வயதிலேயே எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்றவர். அவருடைய பட்ட ஆய்வு தூக்கத்தில் நடப்பதைப் பற்றியது. கவிஞர் பைரனின் சொந்த மருத்துவராக 1816இல் ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்தபோது, பேய்க்கதை எழுதும் போட்டி ஒன்று எழுந்தது. மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைன் அங்கே கருக்கொண்டதை நீங்கள் அறிந்திருக்கலாம். பொலிடோரியின் 'வாம்பயர்' 1819 ஏப்ரலில் ஓர் இலண்டன் மாத இதழில், பைரனின் பெயரிலேயே வெளிவந்தது. அதில் இறந்து கிடக்கும் ஒரு பெண்ணின் தொண்டையில், சிரையைத் திறந்துவிட்ட பற்குறிகள் காணப்படுகின்றன.

சிரையைத் திறப்பது! இது அக்கால மருத்துவரின் அன்றாடத் தொழில். காய்ச்சல், தலைவலி, படபடப்பு எதுவாயினும் சிறு கத்தியால் ஒரு சிரையைத் திறந்து கிண்ணத்தில் இரத்தத்தை வடிப்பர். இல்லையேல் அட்டைகளை ஒட்டவிடுவர். பிரான்சு நாடு 1833ஆம் ஆண்டில் மட்டும் நான்கு கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளை இறக்குமதி செய்தது. நெரித்துக் கொன்ற கிராமத்துக் காட்டேரியைத் தன் கத்தியைப்போல் சிரை திறக்கும் காட்டேரியாக அந்த இளம் மருத்துவர் மாற்றினார் என்பது என் ஊகம். மற்றவர்கள் வேறுவகையாகவும் சொல்லலாம்.

அதன்பின் பற்கள் வேகமாக வளர்ந்தன. 1845 முதல் 1847 வரை வாரந்தோறும் ஒரு பென்னி விலையில் வந்த 'வார்னி' என்ற முடிவில்லாத் தொடர்கதையில்தான் நச்சுப்பல் போன்ற நீண்ட பற்களும், கழுத்தில் இரட்டைத் துளையும், உறிஞ்சும் ஓசையும் ஒருங்கே வந்தன. 1872இல் லெ ஃபானு எழுதிய 'கார்மில்லா' கதையில், ஒன்றிரண்டு அங்குல இடைவெளியில் இரண்டு ஊசிகள் மார்பில் பாய்வதுபோல் கதாநாயகி உணர்கிறாள். அதிலே ஊர் ஊராகச் செல்லும் ஒரு வித்தைக்காரன், கார்மில்லாவின் கூரிய பல்லைக் கண்டு, அதை அராவித் தருகிறேன் அம்மணி என்று கேட்கிறான்! இலக்கியத்தில் காட்டேரியின் பல்லை மருத்துவ நோக்கில் கண்ட முதல் ஆள் அவனாகத்தான் இருக்கவேண்டும்.

அந்நாளில் 'வாம்பயர்' என்ற பெயருக்கே சந்தை மதிப்பு ஏறிவிட்டது. 1870இல் ரிச்சர்ட் பர்ட்டன் நம் விக்கிரமாதித்தன் கதைகளை ஆங்கிலத்தில் தந்தபோது, வேதாளத்தை வாம்பயர் ஆக்கி நூலின் தலைப்பிலேயே போட்டுவிட்டார். மரத்தில் தொங்கிக்கொண்டு புதிர்க்கதை சொல்லும் வேதாளம் எவர் கழுத்தைக் கடித்தது?

1897இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' எல்லாவற்றையும் ஒன்று திரட்டியது. அதில் லூசி என்ற பெண்ணின் கழுத்தில் புறக்கழுத்துச் சிரைக்கு நேராக இரண்டு துளைகள். அவளைக் காப்பாற்ற நான்கு ஆடவர்களின் இரத்தத்தை ஒருவர்பின் ஒருவராக அவளுக்கு ஏற்றுகின்றனர். இரத்தப் பிரிவுகள் உண்டென்று கார்ல் லேண்ட்ஸ்டைனர் கண்டறிந்து வெளியிட்டது 1901இல். ஆகவே மருத்துவர் வான் ஹெல்சிங் எந்தச் சோதனையும் செய்யவில்லை. லூசி இறந்ததில் டிராகுலாவின் பங்கு எவ்வளவு, மருத்துவரின் பங்கு எவ்வளவு என்பதை ஓர் இரத்த வங்கி அலுவலரிடம்தான் கேட்கவேண்டும்!

இதே நாவலில் ஒரு பாத்திரம், தென்னமெரிக்கப் புல்வெளியில் தன் குதிரையின் இரத்தத்தைப் பெரிய வௌவால்கள் குடித்துவிட்ட செய்தியைச் சொல்கிறது. இங்கே சற்று நிற்போம். காட்டேரிக் கதை வௌவாலிலிருந்து பிறந்தது என்று பலர் எழுதியிருக்கின்றனர். நடந்தது இதற்கு நேர்மாறு. இரத்தம் குடிக்கும் வௌவால்கள் உலகில் மூன்றே இனங்கள். மூன்றும் அமெரிக்கக் கண்டத்தில் மெக்சிகோவிலும் அதற்குத் தெற்கேயும் வாழ்பவை. செர்பியக் குடியானவன் அவற்றைப்பற்றிக் கேள்விப்பட்டிருக்கவும் வழியில்லை. கதை முன்னே சென்றது. பெயர் அதன்பின் வௌவாலுக்கு ஒட்டியது. அதுவும் தவறான வௌவாலுக்கு ஒட்டியது! 1758இல் லின்னேயஸ் 'வாம்பைரஸ்' என்ற சிறப்புப் பெயரைச் சூட்டியது, பழமும் தேனும் உண்டு வாழும் ஒரு பழந்தின்னி வௌவாலுக்கு. உண்மையில் இரத்தம் குடிக்கும் வௌவாலைச் சார்லஸ் டார்வின் சிலி நாட்டில் கண்டார்; குதிரையின் தோளில் ஒட்டியிருந்ததை அவருடைய பணியாள் கையால் பிடித்துவிட்டான்.

இந்தச் சிறிய விலங்கு எப்படி உண்கிறது என்பது நம் பொருளுக்கு மிகவும் வேண்டியது. அதன் எடை முப்பது நாற்பது கிராம்தான். உறங்கும் மாட்டின் அருகே தரையில் இறங்கி, இறக்கைகளை ஊன்றி நான்கு காலில் நடந்து வரும். தோலின் அடியில் இரத்தம் எங்கே நெருங்கி ஓடுகிறது என்பதை மூக்கிலுள்ள வெப்ப உணர்ச்சிக் குழிகளால் அறியும். பிறகு கடிக்கும். ஆனால் கோரைப்பற்களால் துளையிடுவதில்லை; முன்னால் உள்ள மேல் வெட்டுப்பற்களால் சவரக்கத்திபோல் சில மில்லிமீட்டர் தோலைச் செதுக்கி எடுக்கிறது. அந்தப் பற்களில் எனாமல் கிடையாது. அதனால் அவை தேயத் தேயக் கூர்மையாகவே இருக்கின்றன. இரத்தத்தை உறிஞ்சுவதும் இல்லை. பூனை பால் குடிப்பதுபோல் நாக்கால் நக்குகிறது. நாவின் அடியிலுள்ள பள்ளங்கள் வழியே இரத்தம் ஏறுகிறது. காயம் உறையாமல் காக்க உமிழ்நீரில் ஒரு புரதம் உண்டு. விஞ்ஞானிகள் அதற்கு டிராகுலின் என்று பெயரிட்டுத் தங்கள் நகைச்சுவையைத் தீர்த்துக்கொண்டனர். அரைமணி நேரத்தில் தன் எடையில் பாதியளவு குடித்துவிட்டு, பறக்கமுடியாத பாரத்தைக் குறைக்கச் சில நிமிடங்களிலேயே நீரைச் சிறுநீராக வெளியேற்றத் தொடங்குகிறது.

நமக்குத் தெரிந்த மற்ற இரத்தம் குடிப்பவற்றையும் எண்ணிப்பாருங்கள். கொசு மெல்லிய குழாயைச் செருகுகிறது. அட்டை மூன்று தாடைகளால் அறுத்து, இரத்தம் உறையாமல் செய்யும் ஹிருடினைச் செலுத்தி, உறிஞ்சுகிறது. குழாய் வேண்டும், அல்லது அறுப்பும், உறையாமல் காக்கும் பொருளும் வேண்டும். நாவலாசிரியர்கள் தந்த இரண்டு கோரைப்பற்களில் இவற்றுள் எது உண்டு? கோரைப்பல் திண்மையானது. அதைக் கழுத்தில் இறக்கினால் தான் செய்த துளையைத் தானே அடைக்கும். வெளியே எடுத்தால், சிரையில் இரத்த அழுத்தம் மிகக் குறைவாதலால், சிறிது கசிந்து உறைந்துவிடும். நீங்கள் இரத்ததானம் செய்திருந்தால் இதை அறிவீர்கள். 350 மில்லிலிட்டர் இறங்கும்வரை ஊசி சிரையினுள்ளேயே இருக்கவேண்டும். ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்தினால் நின்றுவிடுகிறது. தமனியைத் துளைத்தாலோ இரத்தம் பீறிட்டு அறையெல்லாம் தெறிக்கும். குடிப்பவர் சட்டையில் கறைபடாமல் மாளிகைக்குத் திரும்பமுடியாது.

உணவுக் கணக்கும் ஒத்துவரவில்லை. ஒரு லிட்டர் இரத்தத்தில் பெரும்பகுதி நீர். சுமார் இருநூறு கிராம் புரதத்திலிருந்து ஏறத்தாழ 800 கலோரி கிடைக்கும். ஒரு மனிதனுக்கு வேண்டிய 2,400 கலோரியைப் பெற நாள்தோறும் மூன்று லிட்டர் குடிக்கவேண்டும். வளர்ந்த மனிதரின் உடலில் இருப்பதே சுமார் ஐந்து லிட்டர்தான். கூடவே, லிட்டருக்கு அரைக் கிராம் இரும்பு உள்ளே போகும். நமக்கு நாளொன்றுக்குத் தேவை சில மில்லிகிராம்கள்.

திரையில் இந்தப் பற்கள் நிலைபெறுவதற்கும் காலம் பிடித்தது. 1922ஆம் ஆண்டின் 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் படத்தில் எலியைப்போல் முன்பற்கள் இரண்டும் நீண்டிருந்தன. தற்செயலாக உண்மையான வௌவாலுக்கு நெருங்கி வந்த படம் அதுவே. 1931இல் பேலா லுகோசி டிராகுலாவாக நடித்த படத்தில் கோரைப்பற்களே காணப்படுவதில்லை. 1953இல் ஒரு துருக்கியப் படத்திலும், 1958இல் கிறிஸ்டோபர் லீ நடித்த வண்ணப் படத்திலும் வந்தபிறகே அவை உலகமெங்கும் பரவின. வெயில் பட்டால் காட்டேரி அழியும் என்பதும் 1922ஆம் ஆண்டுப் படத்தின் புனைவு.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1985இல் டேவிட் டால்ஃபின் என்ற வேதியியலறிஞர், காட்டேரிக் கதைக்குப் போர்ஃபிரியா என்ற அரிய பரம்பரை நோயே அடிப்படை என்ற கருத்தை முன்வைத்தார். அந்நோயின் சில வகைகளில் தோல் வெயிலைத் தாங்காது. ஈறு சுருங்கிப் பல் நீண்டு தெரியக்கூடும். செய்தித்தாள்கள் அதைப் பெரிதாக வெளியிட்டன. ஆனால் வெயிலுக்கு அஞ்சியதும் நீண்ட பல் கொண்டதும் திரைக் காட்டேரி. மெட்வெஜாவின் காட்டேரி அன்று. இரத்தத்தைக் குடிப்பதால் அந்நோய் தீர்வதும் இல்லை. ஏற்கெனவே வலியோடு வாழ்ந்த நோயாளிகள்மீது காட்டேரி என்ற பட்டம் சுமத்தப்பட்டதுதான் மிச்சம். 1998இல் கோமெஸ் அலான்சோ என்ற நரம்பியல் மருத்துவர் வெறிநாய்க்கடி நோயோடு கதையை இணைத்தார். அவர் காட்டிய ஒற்றுமைகளில் கடித்துப் பரப்புவதும் ஒன்று. மெட்வெஜா அறிக்கையில் ஒருவரும் மனிதக் கடியைப்பற்றி முறையிடவில்லையே!

அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 1892இல் நடந்தது இன்னும் தெளிவானது. மெர்சி பிரவுன் என்ற பத்தொன்பது வயதுப் பெண் காசநோயால் இறந்தாள். தாயும் தமக்கையும் முன்பே இறந்திருந்தனர். அண்ணன் எட்வின் இளைத்துக்கொண்டே வந்தான். கல்லறையில் கிடக்கும் யாரோ அவனுடைய உயிரை ஈர்க்கிறார்கள் என்று ஊரார் கூறவே, மார்ச் மாதத்தில் உடல்களைத் தோண்டினர். குளிர்காலத்தில் வைக்கப்பட்ட மெர்சியின் உடல் அழியாதிருந்தது. இதயத்தில் இரத்தம் இருந்தது. அதை எரித்துச் சாம்பலை நீரில் கரைத்து எட்வினுக்குக் கொடுத்தனர். இரண்டு மாதத்திற்குள் அவன் இறந்தான். காசநோய்க் கிருமியை இராபர்ட் கோக் கண்டறிந்து அப்போது பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அங்கும் கழுத்தில் காயம் இல்லை. காட்டேரி கல்லறையை விட்டு எழுந்ததாகக்கூட யாரும் சொல்லவில்லை.

மெட்வெஜாவில் பதினேழு பேர் எதனால் இறந்தனர்? ஃப்ளூக்கிங்கருக்கு முன்பே அங்கு சென்ற கிளாசர் நோயாளிகளைப் பார்த்தார். காய்ச்சல், நெஞ்சு வலி, விலாக் குத்து என்று குறித்துக்கொண்டார். கொள்ளைநோய் எதுவும் அவருக்குத் தென்படவில்லை. ஊரார் கடுமையாக நோன்பு இருந்ததையும் போதிய உணவின்றி இருந்ததையும் காரணமாகக் கருதினார். அவர்களிடம் அதைச் சொல்லியும் பார்த்தார், அவர்கள் கேட்கவில்லை. இரவில் இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே வீட்டில் கூடி, சிலர் உறங்கச் சிலர் விழித்துக் காவல் இருந்தனர். கல்லறைகளைத் திறந்து காட்டேரிகளைத் தண்டிக்காவிட்டால் ஊரைவிட்டே போய்விடுவோம் என்றனர். அதன்பிறகே ஃப்ளூக்கிங்கர் அங்கு அனுப்பப்பட்டார். அழுகாதிருந்த உடல்களின் தலைகளை வெட்டி, எல்லாவற்றையும் எரித்து, சாம்பலை மொரவா ஆற்றில் கரைத்துவிட்டனர்.